பழைய டீப் ஃப்ரீசரில் குழாய் வைத்த சோடாப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பார்க்கிறேன். தங்கச்சிமடத்தில் சர்பத் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்காகப் பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றின் மேல் மரச்சட்டம் ஏற்றி, குழாய் பூட்டி, சோடாப் பெட்டியாக்கிக் கொடுத்தேன். உள்ளே பீப்பாயில் சோடா குளிர்ந்தபடி நிற்கும், கார்பன் டை ஆக்சைடு கேஸ் அதைக் குழாய்க்குத் தள்ளும். அது மூன்று கோடை தாண்டி ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஆட்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

இது பீர் வைக்கிற பெட்டிதானே? நம் ஊரில் எதற்கு?

வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் கண்டுபிடித்த முறைதான் இது. பீர் பீப்பாயை அங்கே கெக் என்பார்கள். கெக்கையும் ஃப்ரீசரையும் சேர்த்து 'கீசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கீசர் என்றால் வெந்நீர் போடுகிற சாமான் என்பதால் நான் சோடாப் பெட்டி என்றே சொல்கிறேன்.

அவர்கள் பயன்படுத்துகிற 19 லிட்டர் எவர்சில்வர் கெக் முதலில் பீருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. குளிர்பானக் கம்பெனிகள் கடைகளுக்கு சிரப் அனுப்பச் செய்தது. கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறைக்கு மாறியதும், கழித்துவிட்ட கெக்குகளை பீர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதில் நாம் சோடா நிரப்பினால் அதன் பழைய வேலையைத்தான் திரும்பக் கொடுக்கிறோம்.

அப்படியே பீரும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அமெரிக்காவில் 1978-ல் சட்டம் திருத்தி, 1979-லிருந்து வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்ச அனுமதித்தார்கள். இங்கே 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவும் தயாரிப்பது குற்றம். இதைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் வேலை செய்து கொடுப்பதில்லை. நன்னாரி, எலுமிச்சை, இஞ்சி சோடா, பதநீர் என்று நம்மிடம் இருப்பதற்கே இந்தப் பெட்டி போதாது.

எந்த ஃப்ரீசர் வாங்குவது? பழையது கிடைக்குமா?

மேலே மூடி தூக்கித் திறக்கிற டீப் ஃப்ரீசர்தான் வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே நிற்கும். மேல்மூடியைத் திறந்தாலும் குளிர் வெளியே கொட்டிவிடாது. ஐஸ்கிரீம் கடையில் இருக்கிற நகர்த்தும் கண்ணாடி மூடி வேண்டாம். நம் வெயிலுக்குக் கண்ணாடி வழியாகவே சூடு இறங்கிவிடும், மரச்சட்டம் பூட்டவும் தோது இல்லை.

பழையது வாங்க நல்ல சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாததால் சில மீன் வியாபாரிகள் ஃப்ரீசரை விற்றுவிட்டு, சீசன் தொடங்கும்போது வேறு வாங்குவார்கள். வாங்கும்போது ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். உள்சுவர் நாலு பக்கமும் ஒரே சீராகப் பனி பூக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற பக்கம் வெறுமனே இருந்தால் ஃப்ரீசரின் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

எத்தனை கெக் கொள்ளும் என்று லிட்டர் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். 23 சென்டிமீட்டர் விட்டத்தில் அட்டையை வட்டமாக வெட்டிக்கொண்டு போய், உள்ளே தரையில் போட்டுப் பாருங்கள். கம்ப்ரஸர் இருக்கிற பக்கம் உள்ளே மேடாக இருக்கும், அதன்மேல் கெக் நிற்காது.

மீன் வாடை போகவில்லை என்பதுதான் பெரிய புகார். உள்ளே நாலு தடவை கழுவியும் வாடை வந்தால் அது மூடியின் ரப்பர் பீடிங்குக்குள் இருக்கிறது. பீடிங்கைக் கழற்றி, மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். மாமா பெட்டியில் அந்த மடிப்புக்குள் காய்ந்த செதில் வரிசையாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். சோடா உப்புக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நிழலில் காயவைத்துப் பூட்டிய பிறகுதான் வாடை அடங்கியது.

பக்கச் சுவரிலேயே துளை போட்டுக் குழாய் வைத்தால் என்ன? மரச்சட்டம் எதற்கு?

துளை போட்டால் ஃப்ரீசர் போய்விடும். சாதாரண ஃப்ரிட்ஜில் பின்னால் சூட்டை வெளியே விடுகிற கம்பி வலை கறுப்பாகத் தெரியும். பல டீப் ஃப்ரீசர்களில் அது வெளித்தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டி ஓடுகிறது. ஓடும்போது பக்கச் சுவரைத் தொட்டால் சுடுவது அதனால்தான். உள்தகட்டுக்குப் பின்னால் குளிர் குழாய் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே குளிர் காக்கிற பஃப் நுரை. எங்கே குழாய் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

நான் வேலை பழகிய காலத்தில், பூட்டு மாட்ட வேண்டும் என்று ஒருவர் துளை போட்ட ஃப்ரீசர் எங்கள் கடைக்கு வந்தது. கேஸ் முழுக்க இறங்கியிருந்தது. ஓட்டை நுரைக்குள் புதைந்திருந்ததால் என் குரு அரை நாள் தோண்டியும் சரியாக ஒட்ட முடியவில்லை, பழைய இரும்புக்குத்தான் போனது. இப்போது வரும் பல ஃப்ரீசர்களில் ஆர்-600ஏ கேஸ். அது தீப்பிடிக்கும். துளை போடுகிற டிரில்லின் பொறியே போதும்.

அதனால் மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, குழாய், வயர், கேஸ் டியூப் எல்லாவற்றையும் அந்தச் சட்டம் வழியாகவே கொண்டுபோகிறோம். உயரமும் கூடிவிடுவதால் கெக்கின் மேல் கனெக்டர் மாட்ட இடம் கிடைக்கும். நாளைக்கே வேண்டாம் என்றால் சட்டத்தை எடுத்துவிட்டு மூடியைப் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

சட்டம் எந்த மரத்தில் செய்வது? எப்படிப் பூட்டுவது?

தேக்கு கிடைத்தால் நல்லது. நான் போட்டது பூவரசு. வள்ளம் கட்டப் பயன்படுத்திய மரம், ஈரத்துக்குப் பழகியது. சீமைக் கருவேலம் நம் மாவட்டம் முழுக்க நிற்கிறது என்று அதில் கேட்கிறார்கள். நீளமாக நேராகப் பலகை கிடைக்காது, காயும்போது முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் ஓரம் பிரிந்துவிடும்.

ஒன்றரை அங்குலத் தடிமன், ஏழு அங்குல உயரம் போதும். நாலு மூலையும் ஆசாரியிடம் கொடுத்துப் பூட்டு மூலையாகச் செய்யுங்கள். ஆணி மட்டும் அடித்த மூலை ஒரு வருடத்தில் வாய் பிளக்கும். அளவை ஃப்ரீசரின் மேல் விளிம்பில் வைத்து எடுக்கவேண்டும், மூடியில் அல்ல. பழைய பெட்டிகள் நடுவில் சற்று வயிறு தள்ளியிருக்கும், குறுக்காக இரண்டு மூலைவிட்டமும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் உள்பக்கம் ஒன்றரை அங்குல தெர்மோகோல் ஒட்டுங்கள். கெட்டியான நீல நிற இன்சுலேஷன் ஷீட் கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஈரத்தை உறிஞ்சாது. இதைச் செய்யாவிட்டால் சட்டம் வெளியே வியர்க்கும், மரம் எப்போதும் நனைந்தே இருக்கும்.

நம் கடற்கரையில் மட்டும் வாய்க்கிற ஒரு வசதி இருக்கிறது. ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கிறவர்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் இருக்கிறார்கள். சட்டத்தை அவர்களிடம் கொடுத்து ரெசினும் ஃபைபர் பாயும் ஒரு சுற்றுப் போட்டு வாங்குங்கள். கடல் தண்ணீரிலேயே நிற்கிற பூச்சு அது. ரெசின் வாடை முழுக்கப் போகும்வரை, வெயிலில் ஒரு வாரமாவது காயவைத்த பிறகு பூட்டுங்கள். அவசரப்பட்டால் சோடாவில் அந்த வாடை ஏறும்.

பூட்டுவதற்கு: ஃப்ரீசர் விளிம்பில் சிலிக்கான் போட்டு, அதன்மேல் சட்டத்தை இறக்கி, ஒரு நாள் கனம் ஏற்றி வையுங்கள். விளிம்பில் ஸ்க்ரூ போட வேண்டியதில்லை. மூடியின் கீலைச் சட்டத்தின் பின்பக்கம் எவர்சில்வர் ஸ்க்ரூவில் மாட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு மூடி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே குளிர் போகிறது.

ஃப்ரீசரில் சோடா உறைந்துவிடாதா?

உறையும். அதற்குத்தான் வெளியில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டுகிறோம். எஸ்டிசி-1000 என்ற சின்னப் பெட்டி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அதில் எஃப்1 என்பது வேண்டிய குளிர், 3 டிகிரி வையுங்கள். எஃப்2 வித்தியாசம், 2 வையுங்கள். 5 டிகிரி ஏறினால் கம்ப்ரஸர் ஓடும், 3-க்கு வந்தால் நிற்கும். எஃப்3 என்பது நின்ற கம்ப்ரஸர் மறுபடி ஓடுவதற்கான இடைவெளி, 5 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். ஃப்ரீசரின் சொந்தக் குமிழ் முழுக் குளிரில் இருக்கட்டும்.

சென்சரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் எழுந்து ஓடும். கெக்கின் நடு உயரத்தில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மோகோல் வைத்துக் கட்டுங்கள். புதிதாகச் சில டீப் ஃப்ரீசர்களில் கூலர், ஃப்ரீசர் என்று மாற்றும் சுவிட்ச் வருகிறது, அது இருந்தால் கன்ட்ரோலர் இல்லாமலும் சமாளிக்கலாம்.

அடியில் தண்ணீர் தேங்கி, கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கம் சோடாப் பெட்டியைக் கெடுப்பது குளிர்ப் பிரச்சினை இல்லை, ஈரமும் உப்பும்தான். மூடியை ஒரு தடவை திறந்தால் நம் கடல் காற்று உள்ளே போகிறது. அதில் இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவரில் நீராக இறங்கி அடியில் சேர்கிறது. ஃப்ரீசராக ஓடியபோது அது பனியாக நின்றது. இப்போது 4 டிகிரியில் தண்ணீராகவே நிற்கும்.

மாமா கடையில் முதல் மாதம் இதை யாரும் கவனிக்கவில்லை. கெக்கைத் தூக்கியபோது அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், கெக்கின் ரப்பர் அடிப்பாகத்தில் வழவழவென்று கறுப்புப் படலம். கையை முகர்ந்தால் ஈரக் கோணிச் சாக்கு வாடை. அன்றைக்கு 17 லிட்டர் சோடாவையும் கீழே ஊற்றினோம்.

அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை உள்ளே எப்போதும் ஓடவிட்டோம். அடியில் குளிரும் மேலே சூடுமாக இருந்தது சரியானது, சுவரும் சீக்கிரம் காய்ந்தது. கெக்குகளைத் துளையுள்ள பிளாஸ்டிக் பலகைமேல் ஏற்றினோம். சிலிக்கா ஜெல் பையை இரண்டு வைத்து, வாரம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடி போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை அடியைத் துணியால் ஒற்றி எடுப்பது மாமாவின் வேலை. அதை அவர் ஒரு வாரம்கூட விட்டதில்லை. தரையில் வடிகால் அடைப்பான் இருந்தால் ஒழுங்காக மூடி வையுங்கள், அதன் வழியாகவும் ஈரக்காற்று ஏறும்.

கேஸ் சிலிண்டர் எங்கே வாங்குவது? ஆபத்து உண்டா?

சோடாக் கம்பெனிக்குக் கேஸ் போடுகிறவர்களிடம் உணவுத் தர கார்பன் டை ஆக்சைடு என்று கேட்டு வாங்குங்கள். வெல்டிங் கேஸும் அதே பெயர்தான், ஆனால் அதில் எண்ணெய், ஈரம் கலந்திருக்கலாம். தீயணைப்பு சிலிண்டரை மாற்றிப் போடுவது கூடவே கூடாது. சிலிண்டரின் தோளில் பரிசோதனைத் தேதி பொறித்திருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

சிலிண்டர் வெயிலில் நிற்கவே கூடாது. 20 டிகிரியில் உள்ளே அழுத்தம் சுமார் 820 பிஎஸ்ஐ இருக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே தனியாக இருக்காது, அழுத்தம் மிக வேகமாக ஏறும். நம் சித்திரை வெயில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். நிழலில், நிமிர்த்தி, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் வந்து அதைக் கெடுக்கும்.

அளவுமானியில் முள் கீழே வந்தால் கேஸ் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்தால் 4 டிகிரியில் அதுவே 550-க்கு இறங்கிவிடும். கேஸ் எவ்வளவு மிச்சம் என்பது எடை போட்டால்தான் தெரியும். ஒரு கெக் சோடாவுக்கு ஏற்றவும் வெளியே தள்ளவும் ஏறத்தாழ கால் கிலோ செலவாகும்.

ஆபத்து உண்டு, அதை மறைக்கமாட்டேன். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, நிறமும் இல்லை. காற்றில் நாலைந்து சதவீதம் ஆனாலே தலைவலி, மூச்சு வாங்கல் வரும். பத்து சதவீதத்தில் ஆள் நினைவு தப்பி விழுவார். கசிந்தால் பெட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். அதனால் காலையில் மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே விட்டுக் குனியாதீர்கள். திறந்து வைத்து, சில நிமிடம் கழித்து வேலை செய்யுங்கள். குழந்தைகள் படுக்கிற அறையில், ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் இதை வைக்க வேண்டாம். மூன்று பக்கம் திறந்த கீற்றுக் கொட்டகை இதற்கு எல்லா விதத்திலும் நல்லது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகே ராத்திரி சிலிண்டரைத் திறந்துவிட்டுப் போங்கள்.

எத்தனை பிஎஸ்ஐ வைக்க வேண்டும்? எனக்கு நுரை மட்டும்தான் வருகிறது.

4 டிகிரி குளிரில் சோடாவுக்கு ரெகுலேட்டரில் 30 பிஎஸ்ஐ. பீர் வைக்கிற நாட்டில் அவர்கள் 10, 12-தான் வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு அதே அளவில் வைத்தால் சோடா சப்பென்று இருக்கும். தண்ணீர் முதலில் நன்றாகக் குளிர வேண்டும், சூடான தண்ணீரில் கேஸ் நிற்காது. ஒரு ராத்திரி குளிரவைத்து, பிறகு கேஸைத் திறந்து ஒரு வாரம் விட்டால் தானாக ஏறும். அவசரம் என்றால் கெக்கை மடியில் படுக்கவைத்து ஐந்து பத்து நிமிடம் ஆட்டுங்கள், கேஸ் உள்ளே இழுக்கிற சத்தமே கேட்கும்.

நுரைக்குப் பெரும்பாலும் டியூப்தான் காரணம். 30 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குழாய்க்கு வருவதற்குள் தணிக்க, 5 மில்லிமீட்டர் உள்விட்ட டியூப் 20 முதல் 25 அடி வேண்டும். பீருக்கு 10 அடி போதும் என்பதால் விற்கிற செட்டுகளில் அவ்வளவுதான் வரும். நீள டியூபைக் கெக்கின் மேல் சுருளாக வைத்துக் கட்டுங்கள். இரண்டாவது காரணம், சட்டத்தில் இருக்கிற குழாய் சூடாக இருப்பது. ஃபேனைக் குழாயின் உள்முனையைப் பார்த்துத் திருப்புங்கள். முதல் கிளாஸ் கொஞ்சம் நுரைக்கத்தான் செய்யும்.

குழாய் எவர்சில்வரில்தான் வேண்டும். சோடாவில் புளிப்பு இருப்பதால் பித்தளை, செம்பு கரைந்து குடிக்கிறவர் வயிற்றுக்குப் போகும். குரோம் பூசிய பித்தளையைப் பளபளப்பு பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

நன்னாரியைக் கெக்கிலேயே கலந்துவிடலாமா?

நான் வெறும் சோடாவை மட்டும் கெக்கில் வைக்கச் சொல்வேன். சிரப்பைக் கிளாஸில் ஊற்றி, மேலே சோடாவைத் திறந்தால் ஒரே கெக்கில் நன்னாரி, இஞ்சி, எலுமிச்சை மூன்றும் கிடைக்கும். கழுவுவதும் சுலபம். சப்ஜா விதை, எலுமிச்சைச் சக்கை எதுவும் கெக்குக்குள் போகக் கூடாது, உள்குழாயில் அடைத்துக்கொள்ளும். 19 லிட்டர் கெக்கில் 17 லிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். 200 மில்லி கிளாஸ் கணக்கில் 85 கிளாஸ் வரும்.

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கேஸ் ஏறினால் அந்த உப்புக் கரிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோதான்.

பதநீர் வைக்கலாமா?

வைக்கலாம், எனக்கு இதில் பிடித்ததே அதுதான். விடியற்காலையில் இறக்கிய, கலயத்தில் சுண்ணாம்பு தடவிய பதநீராக இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலாக வடிகட்டி, ஏற்கனவே குளிர்ந்த கெக்கில் ஊற்றுங்கள். கேஸ் ஏற்ற வேண்டாம், குழாய்க்குத் தள்ள 3, 4 பிஎஸ்ஐ மட்டும், அதுவும் ஊற்றும்போது மட்டும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ராத்திரி தங்கினால் குளிரிலும் மெதுவாகப் புளிக்கத் தொடங்கும். புளித்தால் அது கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூடிய கெக்கில் புளித்தால் அழுத்தமும் ஏறும்.

கரண்ட் போனால்?

மூடியைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த இரண்டு கெக்கே ஐஸ் கட்டி மாதிரி குளிரைப் பிடித்து வைக்கும். நாலு மணி நேரத்தில் மூன்று நாலு டிகிரிதான் ஏறும். கரண்ட் போவதைவிட, வந்தவுடன் வோல்டேஜ் ஏறி இறங்குவதுதான் கம்ப்ரஸரைக் கொல்கிறது. ஸ்டெபிலைசர் கட்டாயம். எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பாருங்கள். ஈரத்தில் நின்று தொடுகிற பெட்டி இது.

துரு பிடிக்காமல் எப்படிக் காப்பது?

தரையிலிருந்து நாலு அங்குலமாவது மரக்கட்டையில் தூக்கி வையுங்கள், துரு எப்போதும் அடி விளிம்பில்தான் ஆரம்பிக்கும். வெளித்தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துத்தநாக பிரைமர் ஒரு கை, படகுக்கு அடிக்கிற எனாமல் இரண்டு கை. கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அது உப்பையும் மணலையும் சேர்த்து அள்ளி வரும். அப்போது வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வெளியே முழுக்கத் துடைக்க வேண்டும். வயர் முனைகளில் வாசலின் தடவுங்கள். ஆனால் கெக்கின் ரப்பர் வளையத்தில் வாசலின் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். அதற்கு உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது.

எறும்பு?

குழாய்க்குக் கீழே சொட்டுத் தட்டு வைத்தால் அதில் சர்க்கரைத் தண்ணீர் சேர்ந்து சிற்றெறும்பு வரிசை கட்டும். மாமா நாலு மரக்கட்டைக்கும் அடியில் நாலு பழைய எவர்சில்வர் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வீட்டில் பால் சட்டிக்குச் செய்கிற அதே வேலை. கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.